வழங்கி நிலைகாட்டி விளக்குகள்

வழங்கி நிலைகாட்டி விளக்குகள் என்பவை வழங்கிக் கணினிகளின் முகப்பிலும் பின்புறத்திலும் உள்ளிருக்கும் பலகைகளிலும் பொருத்தப்பட்டுள்ள சிறு விளக்குகள் ஆகும். எல்.ஈ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையங்களே இன்று இதற்குப் பயன்படுகின்றன. வழங்கிகளுடன் பெரும்பாலும் திரையோ விசைப்பலகையோ இணைக்கப்பட்டிருப்பதில்லை. அவை தரவு மையங்களின் அடுக்குச் சட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து, இருபது என்று அமர்ந்திருக்கும். எந்தப் பெட்டியில் குறை உள்ளது, அப்பெட்டியின் எந்தப் பகுதியில் உள்ளது, எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பனவற்றை அங்கு வந்து நிற்கும் பராமரிப்பாளருக்கு முதலில் தெரிவிப்பவை இவ்விளக்குகளே.

இவற்றைச் சாலைச் சந்திப்பு விளக்குகளைப் போலப் படிக்க இயலாது. ஒரே நிறம் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் "நலமாக உள்ளது" என்றும், மற்றொரு நிறுவனத்தின் வழங்கியில் "தேடப்படும் பெட்டி இதுவே" என்றும், வேறொன்றில் "இப்போது கழற்றலாம்" என்றும் பொருள்படக்கூடும். தவறாகப் படிப்பதன் விளைவு சிறிதன்று. பழுதுற்ற வன்தட்டுக்குப் பதிலாக அதன் அருகிலுள்ள நல்ல வன்தட்டை உருவிவிட்டால், அவ்வழங்கியில் சேமிக்கப்பட்டிருக்கும் தரவு முழுவதையும் இழக்க நேரிடலாம்.

விளக்கை ஏற்றுவது எது

ஒரு விளக்கின் பொருளை அறிய, அதனை ஏற்றி அணைக்கும் சுற்று எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சில விளக்குகள் மின்னழுத்தத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டவை. தாய்ப்பலகையின் ஓரத்தில் எரியும் காத்திருப்பு மின்விளக்கு இவ்வகையினது. அது எரியும்போது பலகையில் மின்சாரம் உள்ளது என்பதே செய்தி. கணினி அணைக்கப்பட்டிருந்தாலும் அது எரியும். ஆகவே அது எரியும்போது நினைவகத்தையோ விரிவாக்க அட்டையையோ கழற்றுதல் கூடாது.

வேறு சில விளக்குகளைத் தனிப்பட்ட கட்டுப்படுத்திகள் இயக்குகின்றன. வன்தட்டு வரிசையின் விளக்குகளை ரெய்டு கட்டுப்படுத்தியும், பிணைய இணைப்பு விளக்குகளைப் பிணையச் சில்லும் இயக்குவது இதற்கு எடுத்துக்காட்டாகும். முகப்பிலுள்ள பொதுநிலை விளக்கைப் பெரும்பாலும் அடிப்பலகை மேலாண்மைக் கட்டுப்படுத்தி இயக்குகிறது. பி.எம்.சி. என்று சுருக்கி அழைக்கப்படும் இது, தாய்ப்பலகையிலேயே தனியாக உள்ள ஒரு சிறு கணினியாகும். மின்கம்பி செருகப்பட்டிருக்கும் வரை, வழங்கி அணைந்திருக்கும்போதும் இது இயங்கிக்கொண்டிருக்கும். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளை இடைவிடாது படித்து, ஏதேனும் ஓர் அளவு எல்லையைக் கடந்தால் நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி, முகப்பு விளக்கின் நிறத்தையும் மாற்றுகிறது. இத்தகைய மேலாண்மைக்கான ஐ.பி.எம்.ஐ. என்னும் இடைமுகத்தை இன்டெல், டெல், ஹியூலட்-பேக்கார்டு, என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்டன.

இதிலிருந்து ஒன்று பெறப்படும். நிலைகாட்டி விளக்கு நேரடியாகக் காணப்பட்ட பழுது அன்று. ஏதோ ஒரு கட்டுப்படுத்தி தன் பார்வைக்கு எட்டியவற்றைக் கொண்டு செய்த முடிவு. அக்கட்டுப்படுத்திக்குத் தெரியாதது விளக்கிலும் தெரியாது. இயக்குதளம் உறைந்து நின்றுவிட்ட வழங்கியிலும், தரவுத்தள மென்பொருள் நின்றுபோன வழங்கியிலும் வெப்பமும் மின்னழுத்தமும் சரியாக இருப்பின் முகப்பு விளக்கு பச்சையாகவோ நீலமாகவோ அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். மறுபுறம், சில வழங்கிகளில் நீங்கிவிட்ட குறைக்கான எச்சரிக்கை விளக்கும் பதிவேட்டைத் துடைக்கும் வரை அணையாது. எனவே விளக்கைக் கண்டதும் அடுத்துச் செய்ய வேண்டியது, நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து அந்த விளக்கை மாற்றிய வரி எது, அது எந்த நாள், எந்த நேரத்துக்குரியது என்று பார்ப்பதேயாகும்.

வரலாறு

கணினியில் விளக்குகளின் முதற்பணி எச்சரிப்பதன்று, கணக்கைக் காட்டுவதாகும். 1946 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினியில் எண்களின் நிலையை நியான் விளக்குகள் காட்டின. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360, 1965 இல் வெளிவந்த பி.டி.பி.-8 முதலியவற்றின் முகப்புப் பலகைகளில் ஒவ்வொரு விளக்கும் பதிவகத்தின் ஓர் இருமத்தைக் குறித்தது. இயந்திரம் நின்றுபோனால், எரியும் விளக்குகளையும் அணைந்த விளக்குகளையும் ஒன்று, சுழி எனக் கொண்டு, நிரல் எந்த முகவரியில் நின்றது என்று இயக்குநர்கள் படித்தறிந்தனர். இழை விளக்குகள் அடிக்கடி பழுதாகும் இயல்பின. எரியாத விளக்கு சுழியைக் காட்டுகிறதா, அல்லது விளக்கே பழுதா என்ற ஐயம் அன்று முதலே இருந்துவந்துள்ளது.

கண்ணுக்குப் புலப்படும் செந்நிற ஒளியை உமிழும் இருமுனையத்தை 1962 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். மஞ்சள் நிற இருமுனையத்தை 1972 இல் மான்சாண்டோ நிறுவனத்தில் ஜார்ஜ் கிராஃபோர்டு உருவாக்கினார். ஒளிமிக்க நீல நிற இருமுனையம் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நாகமுராவால் 1993 இல் சாத்தியமாயிற்று. இப்பணிக்காக இசாமு அகாசாக்கி, இரோசி அமானோ ஆகியோருடன் நாகமுராவுக்கு 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய கருவிகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகியன மட்டுமே காணப்படுவதற்கும், நீலமும் வெள்ளையும் பின்னர் வந்த வழங்கிகளில் மட்டும் காணப்படுவதற்கும் இதுவே காரணம். பிந்தி வந்த நீலத்திற்கு நெடுநாள் வழக்கு ஏதும் இல்லாததால், ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய பொருளை அதற்கு அளித்தது.

பதிவகங்களைக் காட்டும் விளக்குகள் மறைந்தபின், பழுதைக் காட்டும் விளக்குகள் வளர்ந்தன. இவற்றுள் குறிப்பிடத்தக்கது ஐ.பி.எம். நிறுவனம் தன் வழங்கிகளில் கொண்டுவந்த ஒளிப்பாதைக் கண்டறிதல் என்னும் முறையாகும். இதில் முகப்பிலுள்ள பிழை விளக்கு முதலில் எரியும். அதைத் தொடர்ந்து உள்ளே திறந்தால், ஒரு சிறு பலகை நினைவகமா, விசிறியா, செயலியா என்று வகையைக் காட்டும். இறுதியில் பழுதுற்ற அந்த நினைவகத் துண்டின் அருகிலேயே ஒரு விளக்கு எரியும். பழுதான பாகம் உடனடியாகக் கிடைக்காதபோது "நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தினால் பிழை விளக்கு சிமிட்டத் தொடங்கும். முன்பே அறிந்த குறை இது, புதிய குறை நேர்ந்தால் விளக்கு மீண்டும் நிலையாக எரியும் என்பது அதன் பொருள். வெட்டு வழங்கிகளைப் பேழையிலிருந்து வெளியே எடுத்த பின்னரும், ஒரு பொத்தானை அழுத்திச் சிறிது நேரம் இவ்விளக்குகளை ஒளிரச் செய்யலாம். எக்ஸ்86 வழங்கி வணிகத்தை ஐ.பி.எம். 2014 இல் லெனோவோ நிறுவனத்திற்கு விற்றது.

நிறங்களின் பொருள்

இயந்திரங்களின் காட்டி விளக்குகளுக்கான ஐ.ஈ.சி. 60073 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் சிவப்பை இடருக்கும், மஞ்சளை இயல்பு மீறிய நிலைக்கும், பச்சையை இயல்பு நிலைக்கும், நீலத்தைக் கட்டாயச் செயலுக்கும் ஒதுக்குகிறது. வெள்ளைக்குத் தனிப்பொருள் இல்லை. வழங்கி உற்பத்தியாளர்கள் முதல் மூன்றைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். நீலத்தில் முற்றிலும் பிரிந்துவிடுகின்றனர்.

டெல் நிறுவனத்தின் பவர்எட்ஜ் வழங்கிகள் பலவற்றில் முகப்பில் நிலையாக எரியும் நீலம் "இயங்குகிறது, குறையில்லை" என்பதைக் குறிக்கும். அதே நீலம் சிமிட்டினால், யாரோ இவ்வழங்கியை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். புரோலயண்ட் வழங்கிகளில் நீலம் அடையாள விளக்குக்கு உரியது. நலத்தைக் காட்டுவது பச்சை. தொலைத்தொடர்புத் துறையின் அட்வான்ஸ்டு டி.சி.ஏ. பேழைகளில் நிலையான நீலம் "பலகையை இப்போது பாதுகாப்பாக வெளியே எடுக்கலாம்" என்பதைச் சொல்லும். சூப்பர்மைக்ரோ வழங்கிகளின் வன்தட்டுத் தாங்கிகளிலோ நீலம் தட்டு வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டும். ஒரு தரவு மையத்தில் இந்நான்கு வகைக் கருவிகளும் அடுத்தடுத்து நிற்பது அரிதன்று. "நீல விளக்கு எரிகிறது, எடுத்துவிடலாமா?" என்ற வினாவிற்கு, கருவியின் பெயரும் விளக்கின் இடமும் தெரியாமல் விடை கூற இயலாது.

அம்பர் என வழங்கும் செம்மஞ்சள் நிறம் பொதுவாக எச்சரிக்கைக்கு உரியது. ஆயினும் விலக்குகள் உண்டு. புரோலயண்ட் வழங்கியின் மின்பொத்தானில் நிலையாக எரியும் செம்மஞ்சள் பழுதைக் குறிப்பதன்று. மின்சாரம் வருகிறது, வழங்கி காத்திருப்பு நிலையில் உள்ளது என்பதே அதன் பொருள். பல வழங்கிகளின் பிணையத் துளையில் எரியும் செம்மஞ்சளோ விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தைக் காட்டுகிறது. அங்கே பச்சை 100 மெகாபிட் என்னும் குறைந்த வேகத்திற்கு உரியது. புதிதாகப் பணியேற்றவர்கள் நன்றாக இயங்கும் இணைப்பைக் குறைபாடுள்ளதென்று கருதிக் கம்பியை மாற்ற முற்படுவது இதனாலேயே.

சிமிட்டலின் பொருள்

நிறம் போதாதபோது இசைவு பயன்படுகிறது. சூப்பர்மைக்ரோ முகப்புப் பலகையின் தகவல் விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிவப்பு நிலையாக எரிந்தால் மிகைவெப்பம். விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் விசிறிப் பழுது. 4 விநாடிக்கு ஒருமுறை மெல்லச் சிமிட்டினால் மின்வழங்கல் பழுது. ஒரே விளக்கு, ஒரே நிறம், மூன்று செய்திகள். இவற்றை வேறுபடுத்த ஒருவர் விளக்கின் முன் குறைந்தது பத்து விநாடிகளாவது நிற்க வேண்டும். கடந்து செல்லும்போது ஒரு பார்வை பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும். மெல்லச் சிமிட்டும் விளக்கு அணைந்திருப்பதாகவும் தோன்றலாம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் வழங்கிகளில் காத்திருப்பு நிலையைப் பச்சை விளக்கின் தனித்த சிமிட்டல் காட்டியது. அது பத்தில் ஒரு விநாடி மின்னி, ஏறத்தாழ மூன்று விநாடி அணைந்திருக்கும். 2010 இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. சிமிட்டலின் வேகத்திற்கும் அவசரத்திற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் பல வடிவமைப்புகளில் காணப்படுகிறது. வேகமான சிமிட்டல் "இங்கே பார்" என்பதற்கும், மெதுவான சிமிட்டல் "வேலை நடந்துகொண்டிருக்கிறது, குறுக்கிடாதே" என்பதற்கும் வழங்குகின்றன.

அடையாள விளக்கு

இது பழுதைக் காட்டும் விளக்கன்று. தொலைவிலிருக்கும் நிர்வாகி, தான் திரையில் காணும் வழங்கியையே தரவு மையத்தில் நிற்பவரும் தொடுகிறார் என்பதை உறுதிசெய்வதற்காக ஏற்றுவது. முகப்பில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக இணைந்தே எரியும். முன்புறம் பார்த்துவிட்டுச் சட்டத்தின் பின்பக்கம் சுற்றிச் செல்பவருக்கு, இடவலம் மாறிவிடுவதாலும் எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதாலும் குழப்பம் எளிதில் நேரும். பின்புற விளக்கு அதைத் தவிர்க்கிறது. சூப்பர்மைக்ரோ வழங்கிகளில் பொத்தானை நேரில் அழுத்தினால் நீலம் நிலையாகவும், தொலைவிலிருந்து ஏற்றினால் சிமிட்டியும் எரிவதால், ஏற்றியவர் எங்கிருக்கிறார் என்பதும் தெரியும்.

ஐ.பி.எம்.ஐ. கட்டளையால் ஏற்றப்படும் அடையாள விளக்கு, கால அளவு குறிப்பிடாவிடில் 15 விநாடிகளில் தானாக அணைந்துவிடும். அறைக்குள் நடந்து சென்று சேர்வதற்கு அது போதாது. டி.எம்.டி.எஃப். அமைப்பு 2015 இல் வெளியிட்ட ரெட்ஃபிஷ் என்னும் புதிய மேலாண்மை முறையிலும் இவ்விளக்கை ஏற்றி அணைக்க வசதி உண்டு.

வன்தட்டு விளக்குகள்

நிலைகாட்டி விளக்குகளுள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டியவை வன்தட்டு விளக்குகளே. வழங்கிகளில் பல வன்தட்டுகள் ரெய்டு முறையில் ஒரே தொகுதியாக இணைக்கப்படுகின்றன. 1988 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை இம்முறைக்குப் பெயர் தந்தது. ரெய்டு 5 தொகுதி ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 5 தொகுதியில் ஒரு தட்டுப் பழுதான கணத்திலிருந்து, மாற்றுத் தட்டுப் பொருத்தப்பட்டு மீளமைப்பு முடியும் வரை, எஞ்சியுள்ள தட்டுகளில் எதுவும் இழக்கக்கூடியதன்று. அந்த இடைவேளையில்தான் ஒரு மனிதர் வந்து ஒரு தட்டை உருவுகிறார். அவர் உருவும் தட்டு சரியானதா என்பதைப் பொறுத்தே தரவு நிலைக்கும்.

ஒவ்வொரு தட்டுக்கும் குறைந்தது இரு விளக்குகள் இருக்கும். ஒன்று செயற்பாட்டு விளக்கு. மற்றொன்று நிலை விளக்கு. செயற்பாட்டு விளக்கைப் பெரும்பாலும் தட்டே தன் இணைப்பியின் ஒரு முனை வழியாக இயக்குகிறது. இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. வேலையின்றி இருக்கும்போது சாஸ் வகைத் தட்டின் செயற்பாட்டு விளக்கு பொதுவாக எரிந்துகொண்டிருக்கும். சாட்டா வகைத் தட்டின் விளக்கு அணைந்திருக்கும். இரு வகையும் கலந்துள்ள பெட்டியில் அணைந்த விளக்கைக் கண்டு "இது இறந்துவிட்டது" என முடிவு செய்தல் தவறு.

நிலை விளக்கு பெரும்பாலும் தட்டில் இல்லை. தட்டுகள் செருகப்படும் பின்தளப் பலகையில் அது உள்ளது. அதன் ஒளி தாங்கியிலுள்ள ஒளிக்குழாய் வழியாக முகப்புக்கு வருகிறது. எனவே அது தட்டுக்குரிய விளக்கன்று, செருகிடத்திற்குரிய விளக்கு. தட்டு முழுவதும் செயலிழந்த பின்னரும் அதன் செருகிடத்தில் விளக்கை ஏற்ற முடிவது இதனால்தான். ரெய்டு கட்டுப்படுத்தி எஸ்.ஜி.பி.ஐ.ஓ. எனப்படும் நான்கு கம்பி இணைப்பு வழியாகவோ வேறு வழியாகவோ பின்தளத்திற்கு ஒவ்வொரு தட்டைக் குறித்தும் செயற்பாடு, அடையாளம், பழுது என்ற குறிப்புகளை அனுப்புகிறது. அக்கம்பி இணைக்கப்படாமலோ மாற்றி இணைக்கப்பட்டோ இருந்தால் வேறு செருகிடத்தின் விளக்கு எரியக்கூடும். கைப்படக் கோத்து அமைக்கப்பட்ட வழங்கிகளில் இதனை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிமிட்டல் முறைகளை ஒருமைப்படுத்த ஐ.பி.பி.ஐ. என்னும் பன்னாட்டுச் சிமிட்டல் முறை விளக்கம் எஸ்.எஃப்.எஃப்.-8489 ஆவணமாக வகுக்கப்பட்டது. சூப்பர்மைக்ரோ பின்தளங்கள் பலவற்றில் சிவப்பு நிலையாக எரிந்தால் பழுது. 1 ஹெர்ட்ஸ் வேகத்தில் சிமிட்டினால் மீளமைப்பு. 4 ஹெர்ட்ஸ் வேகத்தில் சிமிட்டினால் அடையாளம். இருமுறை சிமிட்டி ஒருமுறை நின்றால், அத்தட்டு வெறுமனே காத்திருக்கும் மாற்றுத்தட்டு. ஆனால் டெல் வழங்கிகளில் பச்சை விநாடிக்கு இருமுறை சிமிட்டினால் அடையாளம் காட்டுதல் அல்லது கழற்றுதற்கான ஆயத்தம். மெதுவாகச் சிமிட்டினால் மீளமைப்பு. செம்மஞ்சள் விநாடிக்கு 4 முறை சிமிட்டினால் பழுது. பச்சை, செம்மஞ்சள், அணைவு என்று மாறிமாறி வந்தால் பழுது நேரக்கூடும் என்ற முன்னறிவிப்பு. அதே டெல் வழங்கியில் அணைந்த விளக்கு "கழற்றலாம்" என்று பொருள்படும். ஆனால் வழங்கியை ஏற்றியவுடன், எல்லாத் தட்டுகளும் ஆயத்தமாகும் வரை, விளக்குகள் அணைந்தே இருக்கும். அப்போது கழற்றவே கூடாது. நேர்மாறான இரண்டு கட்டளைகள் ஒரே தோற்றத்தில் அமைந்திருப்பது இவ்வடிவமைப்பின் குறை என்றே கூற வேண்டும்.

இக்குறையை உணர்ந்து செய்யப்பட்டது போலத் தோன்றுவது, புரோலயண்ட் வழங்கிகளின் எட்டாம் தலைமுறையில் 2012 இல் வந்த தட்டுத் தாங்கியாகும். இதில் "கழற்றாதே" என்பதற்கென்றே ஒரு வெள்ளை விளக்கு உண்டு. அத்தட்டை எடுத்தால் தொகுதி வீழும் என்ற நிலை இருக்கும்போது மட்டும் அது எரியும். ஒரு தட்டுப் பழுதாகிச் செம்மஞ்சள் நிலையாக எரியும்போது, அதே ரெய்டு 5 தொகுதியின் மற்றத் தட்டுகளில் வெள்ளை விளக்குகள் தோன்றுகின்றன. மனிதர் கை வைக்கும் இடத்திலேயே தடை கூறும் இவ்விளக்கு, பழுதைச் சொல்லும் விளக்கைவிடப் பயனுள்ளது.

எல்லா வழங்கிகளிலும் இவ்வசதி இல்லையாதலால், உருவும் முன் இரு வழிகளில் சரிபார்ப்பது வழக்கம். முதலாவது, கட்டுப்படுத்தியின் மென்பொருளில் பழுதான தட்டின் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு அடையாள விளக்கை ஏற்றுதல். செருகிட எண்ணை மட்டும் நம்புதல் ஆபத்தானது. டெல் வழங்கிகளில் செருகிடங்கள் 0 முதலும், புரோலயண்ட் வழங்கிகளில் 1 முதலும் எண்ணப்படுகின்றன. "மூன்றாம் தட்டு" என்று தொலைபேசியில் சொல்லப்படுவது கேட்பவருக்கு வேறு தட்டாகிவிடும். இரண்டாவது, தொகுதி முழுவதையும் படிக்கும் வேலை ஒன்றைத் தொடங்கிவிட்டுச் செயற்பாட்டு விளக்குகளைக் கவனித்தல். நல்ல தட்டுகள் அனைத்தும் துடிக்கும். பழுதான ஒன்று துடிக்காது. பழுதான தட்டுக்கு அடையாள விளக்கை ஏற்ற முடியாதபோது, நல்ல தட்டுகளுக்கெல்லாம் ஏற்றி எஞ்சியதைக் கண்டுகொள்வதும் உண்டு. இரு வழிகளும் ஒரே தட்டைச் சுட்டினால் மட்டுமே உருவலாம். எடுத்த தட்டின் மேலுள்ள தொடர் எண்ணைக் குறித்ததுடன் ஒப்பிட்ட பின்னரே புதியதைச் செருக வேண்டும்.

புதிய தட்டைச் செருகியதும் மீளமைப்புச் சிமிட்டல் தொடங்கும். கொள்ளளவு மிகுந்த தட்டுகளில் இது பல மணிநேரம், சிலவேளை நாட்கணக்கில் நீடிக்கும். சிமிட்டல் நிற்கும் வரை தொகுதி பாதுகாப்பற்ற நிலையிலேயே உள்ளது. டெல் வழங்கியில் பச்சை 3 விநாடி, செம்மஞ்சள் 3 விநாடி எரிந்து பின் அணைவது மீளமைப்பு இடையில் நின்றுவிட்டதைக் குறிக்கும்.

மின்வழங்கல் அலகுகள்

பெரும்பாலான வழங்கிகளில் இரு மின்வழங்கல் அலகுகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கும். பச்சை விளக்கு அந்த அலகு சரியாக உள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டும் ஒரே மின்பாதையில் செருகப்பட்டிருப்பதை எந்த விளக்கும் சொல்லாது. இரு பச்சை விளக்குகளைக் கண்டு மனநிறைவு அடைந்த பின், அந்த ஒற்றை மின்பாதை துண்டிக்கப்பட்டு வழங்கி அணைந்துபோவது நடக்கக்கூடியதே. டெல் அலகுகளில் பச்சை சிமிட்டினால் நிலைபொருள் புதுப்பிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது கம்பியை உருவினால் அலகு பயனற்றுப் போகலாம். புரோலயண்ட் அலகுகளில் விளக்கு அணைந்திருப்பதற்கு மின்சாரம் இன்மை, அலகின் பழுது, காத்திருப்பு நிலை, மின்னோட்ட எல்லை மீறல் எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஆகவே அலகை மாற்றும் முன் கம்பியையும் மின்செருகியையும் பார்ப்பது முறை.

பிணைய இணைப்பு விளக்குகள்

முறுக்கிணைக் கம்பி வழியான ஈதர்நெட்டுக்கு 1990 இல் 10பேஸ்-டி சீர்தரம் வந்தபோது, தரவு இல்லாத நேரங்களிலும் ஏறத்தாழ 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. மறுமுனையிலிருந்து வரும் துடிப்பைப் பெறும்போதே இணைப்பு விளக்கு எரியும். எனவே அது, எதிர்முனை பேசுவது இங்கே கேட்கிறது என்பதைச் சொல்கிறது. இங்கே பேசுவது எதிர்முனைக்குக் கேட்கிறதா என்பதைச் சொல்வதில்லை. கம்பியின் ஓர் இணை மட்டும் அறுந்திருந்தால் ஒரு முனையில் விளக்கு எரியும், மறுமுனையில் எரியாது. ஆகவே இரு முனைகளையும் பார்க்க வேண்டும். மேலும், இவ்விளக்கு இயற்பியல் அடுக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முகவரி தவறாக இருந்தாலும், துறை வேறொரு மெய்நிகர் பிணையத்தில் சேர்க்கப்பட்டிருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும்.

வரம்புகள்

பழுது முன்னறிவிப்பு விளக்குகள் பெரிதும் ஸ்மார்ட் எனப்படும் வன்தட்டுத் தற்சோதனை அளவீடுகளைச் சார்ந்தவை. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டோ பின்ஹெய்ரோ, வொல்ஃப்-டீட்ரிச் வெபர், லூயிஸ் ஆண்ட்ரே பரோசோ ஆகியோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான தட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த அறிகுறியும் காட்டவில்லை என்று கண்டனர். முன்னறிவிப்பு விளக்கு எரிந்தால் தட்டை மாற்றுவது அறிவுடைமை. எரியாமையைக் கொண்டு தட்டு நலமென்று கருதிக் காப்புநகல் எடுக்காமல் விடுவதற்கு அதில் இடமில்லை.

அணைந்த விளக்கே எப்போதும் ஐயத்திற்குரியது. விளக்கே பழுதாகியுள்ளதா என்றறிய, ஐ.பி.எம். பவர் வழங்கிகளில் எல்லா விளக்குகளையும் ஒருசேர ஏற்றிப் பார்க்கும் விளக்குச் சோதனை வசதி உண்டு. பிற வழங்கிகளில், இயக்கத் தொடக்கத்தில் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைவதைக் கவனிக்கலாம்.

நிறக்குருடு மற்றொரு வரம்பு. வட ஐரோப்பிய வழித்தோன்றல்களான ஆண்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும் பெண்களுள் 0.5 விழுக்காட்டினருக்கும் சிவப்பு-பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறை உள்ளது. சாலை விளக்கில் மேல், கீழ் என்ற இடவேறுபாடு அவர்களுக்கு உதவுகிறது. ஒரே துளையில் பச்சையும் செம்மஞ்சளும் மாறி எரியும் இருநிற விளக்கில் அவ்வுதவி இல்லை. சன் வழங்கிகளைப் போல ஒவ்வொரு செய்திக்கும் தனி இடத்தில் தனி விளக்கும், அதன்மேல் ஒரு குறியீடும் அமைப்பது இதற்குத் தீர்வாகும். இடநெருக்கடியால் எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்வதில்லை.

விளக்கு வழியாகத் தரவுக் கசிவு

செயற்பாட்டு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்திலும் சிமிட்டக்கூடியவை. ஜோ லோக்ரி, டேவிட் அம்ஃப்ரஸ் ஆகிய இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், மோடம் முதலிய சில தொடர்புக் கருவிகளின் விளக்குகள் கம்பியில் செல்லும் தரவுடன் ஒத்தே சிமிட்டுவதால், அவ்வொளியைத் தொலைவிலிருந்து பதிவு செய்து தரவைப் படிக்க முடியும் என்று காட்டினர். 2017 இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொர்தெகாய் குரியும் உடனாய்வாளர்களும், தீங்குநிரல் ஒன்று வன்தட்டின் செயற்பாட்டு விளக்கை வேண்டுமென்றே சிமிட்டச் செய்து, விநாடிக்கு 4000 பிட் வரையான வேகத்தில் தரவை வெளியே அனுப்ப முடியும் என்பதைச் செய்துகாட்டினர். பிணையத்துடன் இணைக்கப்படாத கணினிகளையும் இது தாக்கும். விளக்குகளின் மேல் ஒளிபுகா ஒட்டுநாடாவை ஒட்டுதல், சாளரமற்ற அறையில் வழங்கியை வைத்தல், விளக்கை இயக்கும் சுற்றில் சிமிட்டல் வேகத்தைக் குறைத்தல் ஆகியன இதற்கான தடுப்புமுறைகள். ஒட்டுநாடா ஒட்டப்பட்ட வழங்கியில் வன்தட்டை மாற்ற வருபவர், முதலில் அந்நாடாவை உரித்தெடுக்க வேண்டியிருக்கும்.